இளம் நடுவர்களின் பயிற்சி

கால்பந்தாட்டத்தை நமக்குக் கற்பித்தவர்கள் ஆங்கிலேயர். அதன் விதிகளை 1863-ம் வருஷத்தில் லண்டனில் கூடி வகுத்தவர்களும் அவர்களே. முதலில் கட்சிக்கொரு அம்பயர் நின்று, தத்தம் கட்சிக்காக வழக்காடி வந்தார்கள். 1891-ல் அவ்விருவரையும் கோட்டோரத்துக்கு அனுப்பிவிட்டு, ஒரே நடுவரை மைதானத்தின் உள்ளே நிறுத்தி, அவர் தீர்ப்பே முடிவு என்று விதித்தார்கள். இவ்வளவு முன்யோசனையுடன் காரியம் செய்தவர்கள், இன்று தங்கள் ஊர்ச் சிறுவர் ஆட்டங்களுக்கு விசில் ஊத வரும் பிள்ளைகளைத் தக்கவைத்துக் கொள்ள வகை தெரியாமல் திகைக்கிறார்கள். அந்தத் திகைப்பின் காரணத்தை ஆராய்வது நமக்கும் பிரயோஜனமானது.

இங்கிலாந்தில் 14 வயது நிரம்பியவர்கள் நடுவர் பயிற்சியில் சேரலாம். அமெரிக்காவில் 13 வயதே போதும். பாடங்களிற் பெரும்பகுதியைப் பிள்ளை வீட்டிலிருந்தே கணினியில் படிக்கிறான். மைதானத்தில் சில மணி நேரம் செய்து காட்டுகிறான். பிறகு சட்டையும் விசிலும் இரு அட்டைகளும் கைக்கு வந்துவிடுகின்றன. ஆட்டத்தின் 17 விதிகளும் அவனுக்குத் தெரியும். ஆப்சைடு எது, கைப்பந்து எது என்று கேட்டால் தகப்பனாரைவிடத் தெளிவாகச் சொல்வான். இதில் குறை கூற ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் மைதானத்துக்குத் தனியாகப் போகிறானே, அங்கேதான் சங்கடம் ஆரம்பமாகிறது. சிறுவர் ஆட்டங்களில் கோட்டோரத்துக் கொடியைப் பெரும்பாலும் அந்தந்தக் கட்சிப் பிள்ளையின் தகப்பனாரோ சிற்றப்பனோதான் பிடிக்கிறார். 1891-ல் உள்ளேயிருந்து விலக்கப்பட்ட கட்சி அம்பயர் கோட்டோரத்தில் இன்றும் இருக்கிறார்! அவர் ஆப்சைடு என்று கொடி தூக்குகிறார். பையன் அது அல்லவென்று கண்ணால் கண்டிருக்கிறான். சட்டப்படி அவன் சொல்வதே செல்லும். ஆனால் 14 வயதுப் பையன் 40 வயது மனிதரை நோக்கி, "இல்லை ஐயா, கொடியை இறக்குங்கள்" என்று சொல்லவேண்டும். சொன்ன பின் அவரது சினேகிதர்கள் கூவுவதைக் கேட்டுக்கொண்டு ஆட்டத்தையும் நடத்தவேண்டும். இதை எந்தக் கணினிப் பாடம் கற்பிக்கும்?

கூச்சலோடு போவதுமில்லை. 2012 டிசம்பரில் ஹாலந்து தேசத்து அல்மேரே நகரில், தம் மகனுடைய சங்கத்தின் ஆட்டத்துக்கு லைன்ஸ்மனாக நின்ற ஒரு தகப்பனாரை, எதிர்க்கட்சி வாலிபர்கள் ஆட்டம் முடிந்ததும் அடித்து உதைத்தார்கள். மறுநாள் அவர் இறந்துபோனார். 2013-ல் தண்டனை பெற்றவர்களில் ஆறு பேர் பதின்வயதுப் பிள்ளைகள். ஏழாமவர் அவர்களில் ஒருவனுடைய தகப்பனார். இங்கிலாந்தில் 2023-ல் பி.பி.சி. வானொலியார் 900-க்கு மேற்பட்ட ஊர் நடுவர்களை விசாரித்தபோது, அநேகமாக எல்லோருமே வசவு கேட்டதாகச் சொன்னார்கள். ஏறத்தாழ 300 பேர் தங்கள்மேல் கை வைக்கப்பட்டதாகச் சொன்னார்கள். குறையுள்ளவர்களே விசாரணைக்கு முந்திக்கொண்டு பதில் சொல்வார்கள் என்று ஆட்சேபிக்கலாம். அதைத் தள்ளிப் பார்த்தாலும் மிஞ்சுவது அற்பமல்ல.

ஆங்கிலச் சங்கத்தார் சும்மா இருந்துவிடவில்லை. 2008-ல் மரியாதை இயக்கமொன்றைத் தொடங்கினார்கள். 2019 முதல், நடுவரை எதிர்த்துப் பேசும் ஆட்டக்காரனைப் பத்து நிமிஷம் வெளியே உட்காரவைக்கும் விதியை ஊர் ஆட்டங்களிற் புகுத்தினார்கள். 2023-ல் சில ஜில்லாக்களில் பெரியவர்கள் ஆடும் ஆட்டங்களில் நடுவரின் மார்பிலே காமிராவைப் பொருத்திப் பார்த்தார்கள். அதே வருஷத்தில், திரும்பத் திரும்ப அக்கிரமம் செய்யும் கட்சிகளுக்குப் புள்ளிகளைக் குறைக்கவும் தொடங்கினார்கள். சில ஜில்லாக்களில் 18 வயதுக்குட்பட்ட நடுவர் கையில் ஊதா நிறப் பட்டி கட்டுகிறார்கள். பட்டியைக் கண்டு நல்ல மனிதர் வாயை மூடிக்கொள்வார். போக்கிரியோ, ஆள் இளைத்தவன் என்று தெரிந்துகொள்வான். காமிரா சாட்சி சொல்லுமேயன்றி, அந்த நிமிஷத்தில் பையனுக்குப் புத்தி சொல்லாது. இவையெல்லாம் காயத்துக்குப் பிறகு போடும் கட்டுகள். வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் இவற்றைப் பயிற்சி என்று எண்ணி ஏமாறலாகாது.

பயிற்சி எங்கே முடிவதாக இப்போது எண்ணப்படுகிறதோ, அங்கேதான் அது தொடங்கவேண்டும் என்பது நமது அபிப்பிராயம். முதல் பத்து ஆட்டங்களுக்கு அனுபவமுள்ள நடுவர் ஒருவர் கோட்டோரத்தில் நிற்கட்டும். ஆட்டத்தின் நடுவே அவர் வாய் திறக்க வேண்டாம். இடைவேளையில் ஒரே விஷயத்தை மட்டும் சொல்லட்டும். விசிலைத் தயங்கி ஊதினால் அந்தத் தயக்கமே வாதத்துக்கு அழைப்பாகிறது. பந்துக்கு அருகில் நின்று தீர்த்தால் பாதி வாதம் எழுவதேயில்லை. இவை புத்தகத்தில் ஒரு வரி. மைதானத்தில் பத்து ஆட்டத்துப் பாடம். வகுப்பிலேயும் பெரியவர்கள் கோபக்காரத் தகப்பனாராக நடித்துக் கூச்சலிட்டுப் பையனைப் பழக்கவேண்டும். முதலில் வேண்டுகோள், பிறகு எச்சரிக்கை, பிறகு வெளியேற்றம் என்ற வரிசை நாக்கில் படிந்திருக்கவேண்டும். 2019 முதல் பயிற்சியாளருக்கும் அட்டை காட்டலாம் என்று சட்டம் இருக்கிறது. காட்டும் கை நடுங்கினால் சட்டம் என்ன செய்யும்? ஆட்டத்தையே நிறுத்திவிடும் அதிகாரம் ஐந்தாவது விதியில் அவனுக்கு இருக்கிறது. அதைப் பிரயோகித்தால் சங்கத்தார் தன் பக்கம் நிற்பார்கள் என்ற உறுதியை அவனுக்கு முன்கூட்டியே கொடுத்துவிடவேண்டும்.

இங்கிலாந்தில் சில ஜில்லாச் சங்கங்கள் இப்படி மூத்தவர்களை அனுப்புவதுண்டு. எல்லோருக்கும் அனுப்ப ஆளில்லை, பணமில்லை என்கிறார்கள். கோடிக்கணக்கான பவுன் புரளும் லீக் நடக்கும் நாட்டில் பணமில்லை என்பது காதில் ஏறவில்லை. ஆளில்லை என்பது மெய்தான். இளமையில் ஓடிப்போனவன் மூத்தவனாக எப்படி வருவான்?

தேர்தலும் வரியும் இருக்க இந்தப் பந்து விஷயம் எதற்கு என்று, அரசியல் தொண்டர்களான நமது நேயர்களிற் சிலர் கேட்கக்கூடும். 1911-ல் கல்கத்தாவில் மோகன் பகான் கட்சியார் வெள்ளைக்காரப் பட்டாளத்தை 2-1 என்று வென்றபோது, விசில் வெள்ளையர் கையில் இருந்தது. தீர்ப்பளிப்பவர் அந்நியர் என்று அன்று முணுமுணுத்தோம். அதற்கு நியாயமும் இருந்தது. இன்று விசில் நம் பிள்ளை கையில். ஜாதிப் பெரியவரும் அல்லாத, சர்க்கார் அதிகாரியும் அல்லாத ஒருவன், தங்களிலேயே ஒருவன், தனக்கு விரோதமாகச் சொல்லும் தீர்ப்புக்கு ஒரு பையன் முதன்முதலாகக் கட்டுப்படுவது அந்த மைதானத்திலேதான். அவன் தகப்பனார் கோட்டோரத்தில் எப்படி நடந்துகொள்கிறார் என்பதையும் அவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

நம் மாகாணத்தில் இதற்குத் திறமையில்லாமல் இல்லை. 2002-ம் வருஷத்து உலகக் கோப்பையில் உதவி நடுவராக நின்ற ஸ்ரீ கோமளீசுவரன் சங்கர் தமிழ்நாட்டவர். சர்வதேச நடுவர் என்ற தகுதியை எய்திய ஸ்ரீமதி ரூபா தேவி திண்டுக்கல்லைச் சேர்ந்தவர். ஆயினும் நம் பள்ளிக்கூடப் பந்தயங்களில் விசில் பெரும்பாலும் உடற்கல்வி ஆசிரியர் கையிலேயே இருக்கிறது. "அவர்கள் மாஸ்டரே ரெபரி" என்று தோற்ற கட்சி குறைகூறுவதும் பழைய கதை. கீழ்வகுப்புப் பிள்ளைகளின் ஆட்டங்களுக்கு மேல்வகுப்பு மாணவ மாணவியரையே நடுவராக நிறுத்தி, மாஸ்டர் கோட்டோரத்துக்கு விலகி நின்று பார்க்கலாம். பிறர் பள்ளி ஆட்டமானால் இன்னும் நல்லது. மூட்டு வலியால் ஓட முடியாமல் வீட்டிலிருக்கும் பழைய நடுவர்களும், ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். ஒரு நாற்காலியும் பஸ் கட்டணமும் கொடுத்து அழைத்தால் அவர்கள் வர மறுப்பார்கள் என்று நமக்குத் தோன்றவில்லை.