எஸ்டிமேட்டை கியாட்டில் எழுதாதீர்கள்

வெளிநாட்டில் சம்பாதித்து யாங்கோன் வீட்டில் ஏதாவது கட்ட நினைக்கும் நம்மவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "மொத்தம் எத்தனை லட்சம் ஆகும்?" என்றுதான். இன்றைய மியன்மாரில் அந்தக் கேள்விக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆயுசு கிடையாது. எவ்வளவு மரம், எத்தனை மூட்டை சிமென்ட், எத்தனை ஆள் கூலி என்று கேளுங்கள். பண்க் கணக்கு கடைசியில் வரட்டும்.

நான் சிங்கப்பூரில் மென்பொருள் பொறியாளர். அப்பா, அம்மா தாகேதாவில் இருக்கிறார்கள். அங்கே மணிக்கணக்கில் மின்வெட்டு. தகரக் கூரைக்குக் கீழே ஃபேன் ஓடாமல் உட்கார முடியாது. கொல்லைப்புறத்தில் 15 அடிக்கு 12 அடியில், தரையிலிருந்து உயர்த்தி ஒரு மரத்தளம் போட்டால் சாயங்காலம் காற்றாட உட்காரலாம் என்று முடிவு செய்தோம். மூன்று பேரிடம் விலை கேட்டோம். மூவரும் ஒரே ஒரு மொத்தத் தொகையைச் சொன்னார்கள். அதுவும் "இந்த வாரத்துக்குத்தான் இந்த ரேட்டு" என்ற கண்டிப்போடு. அந்தத் தொகைகளை ஓரமாக வைத்துவிட்டு, நான் அளவுக் கணக்கைப் போட ஆரம்பித்தேன்.

கண்ணுக்குத் தெரியாத பாதி

மேலே நடக்கும் பலகை ஒரு அங்குல கனம் என்றால், 180 சதுர அடிக்கு 15 கன அடி மரம். வெட்டுச் சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் பதினாறரை. பலகையைத் தாங்க 16 அங்குலத்துக்கு ஒன்றாக, இரண்டுக்கு ஆறு அங்குலக் குறுக்குச் சட்டங்கள் 13. ஒவ்வொன்றும் 12 அடி நீளம், சரியாக ஒரு கன அடி. அவற்றைத் தாங்க நாலுக்கு ஆறில் மூன்று உத்திரங்கள், ஏழரை கன அடி. கீழே 12 குட்டைக் கால்கள், ஏறக்குறைய மூன்று கன அடி. ஆக மொத்தம் 40 கன அடி. யாங்கோன் மரக்கடையில் ஒரு டன் என்பது 50 கன அடி. அதாவது முக்கால் டன்னுக்குக் கொஞ்சம் மேலே.

இந்த 40-ல் கண்ணுக்குத் தெரியும் பலகை பாதிகூட இல்லை. மொத்தத் தொகைக்குக் குத்தகை விடும்போது ஆபத்து இங்கேதான் இருக்கிறது. விலை ஏறினால் ஒப்பந்தக்காரர் பலகையில் கை வைக்க மாட்டார், அது போட்டோவில் தெரிந்துவிடும். 16 அங்குலத்துக்கு ஒரு சட்டம் என்பது 24 அங்குலம் ஆகும். கால்களுக்கு அடியில் போட வேண்டிய கான்கிரீட் காணாமல் போகும். சிங்கப்பூரில் உட்கார்ந்து வீடியோ காலில் பார்ப்பவருக்கு அடுத்த மழைக்காலம் வரை எதுவும் தெரியாது.

தாகேதாவில் அந்த அடிப்பகுதியை விட்டுக்கொடுக்கவே கூடாது. பசுண்டாங் ஓடைக்கும் பகோ ஆற்றுக்கும் நடுவே இருக்கும் தாழ்ந்த, இளகிய மண் அது. யாங்கோனில் வருடத்துக்கு 2,700 மில்லிமீட்டர் அளவுக்கு மழை. சென்னையில் பெய்வதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதுவும் பெரும்பாலும் மே நடுவிலிருந்து அக்டோபருக்குள். ஒவ்வொரு காலுக்கும் ஒன்றரை அடி சதுரத்தில் ஒரு அடி கனத்துக்குக் கான்கிரீட் போட்டால் மொத்தம் 27 கன அடி. ஒன்றுக்கு இரண்டு, நாலு என்ற கலவையில் ஐந்து மூட்டை சிமென்ட் போதும். இவ்வளவுதான் செலவு. ஆனால் மொத்தத் தொகைக்குள் ஒளிந்திருந்தால் முதலில் பலியாவதும் இதுதான்.

மரத்தில் தேக்குதான் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். பின்கடோ மரம் ரயில் தண்டவாளக் கட்டைக்குப் போட்ட மரம். கரையானுக்கும் ஈரத்துக்கும் தாங்கும். ரொம்பக் கெட்டி என்பதால் முதலில் துளை போட்டுத்தான் திருகாணி இறக்க வேண்டும். பலகை முழுவதும் பதிக்க ஏறக்குறைய 650 திருகாணி. அந்த வேலைக்கான நேரத்தையும் கூலிக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நோட்டை நம்பாத ஊர்

பொருளில் கணக்கு வைப்பது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. பர்மாவில் வாழ்ந்த நம் பெரியவர்களுக்கு அது அனுபவம். 1964-ல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். 1985-ல் மறுபடியும் அதே கதை. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகளை மாற்றிக்கொள்ளக்கூட வழியில்லாமல் ஒழித்தார்கள். கையில் நோட்டாக வைத்திருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். பவுனாகவும் மரமாகவும் அரிசியாகவும் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

இப்போது நோட்டை யாரும் ஒழிக்கவில்லை. அது தானாகவே கரைகிறது. 2021 தொடக்கத்தில் ஒரு டாலர் ஏறக்குறைய 1,330 கியாட். 2022 ஆகஸ்டில் மத்திய வங்கி 2,100 என்று நிர்ணயித்தது. 2024 முடிவில் வெளிச்சந்தையில் அது 4,000-க்கு மேல். வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் வருமானத்தில் கால் பங்கை அதிகாரபூர்வ வழியில்தான் அனுப்ப வேண்டும் என்று 2023-ல் உத்தரவும் வந்தது. ஆக, நாம் அனுப்பும் பணத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விலை. நாம் வாங்கும் மரத்துக்கு வாரம் ஒரு விலை. இதில் கியாட்டில் பட்ஜெட் போடுவது தண்ணீரில் கோடு கிழிப்பது போலத்தான்.

கூலியை மறந்துவிடாதீர்கள்

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது கூலிதான். பட்ஜெட் பிதுங்கும்போது மரக்கடைக்காரர் விலையைக் குறைக்க மாட்டார். சிமென்ட் கடையும் குறைக்காது. "கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுங்க சயா" என்று நாம் கெஞ்சுவது தச்சரிடம் மட்டும்தான்.

2018-ல் மியன்மாரின் குறைந்தபட்ச தினக்கூலி 4,800 கியாட். அன்றைய மதிப்பில் மூன்றரை டாலர். படிகளைச் சேர்த்து 2024 ஆகஸ்டில் அது 6,800 ஆனது. சந்தை விலையில் ஒன்றே முக்கால் டாலர்கூட இல்லை. எண் கூடியது, சோறு பாதியானது. தச்சருக்கு இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் என்றாலும் தேய்மானம் அவருக்கும் அதேதான். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் அமலுக்கு வந்த பிறகு, கை பழகிய இளைஞர்கள் பலர் தாய்லாந்துப் பக்கம் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்களையும் நாம் பேரம் பேசி நசுக்கினால் எப்படி?

நம் ஊரில் அறுவடைக் கூலியை நெல்லாக அளந்த காலம் உண்டு. விலை ஏறினாலும் இறங்கினாலும் அந்த மரக்கால் நெல் ஒரு குடும்பத்தின் வயிற்றை நிரப்பியது. யாங்கோனில் அரிசியைப் பியீ கணக்கில் அளக்கிறார்கள். "ஒரு நாள் வேலைக்கு இத்தனை பியீ அரிசியின் விலை" என்று தச்சரோடு பேசி முடிவு செய்துகொள்ளலாம். கூலி கொடுக்கும் அன்று கடையில் என்ன விலையோ அந்தத் தொகையைக் கொடுத்தால் போதும். எங்கள் வீட்டு வேலைக்கு நான் கேட்டிருப்பது இந்த ஏற்பாட்டைத்தான்.

"நாடு இருக்கிற இருப்பில் மரத்தளம் ஒரு கேடா?" என்று சிங்கப்பூர் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பணம் கியாட்டாக வங்கியில் கிடந்தால் யாருக்கும் உதவாமல் கரையும். மரமாக நின்றால் வயதான இரண்டு பேர் காற்றாட உட்காருவார்கள். அதற்கு முன்னால் இரண்டு தச்சர் வீட்டில் அடுப்பு எரியும். கைக்கு அடங்காத அளவில் திட்டம் போடுவதுதான் வீண். பணம் போதாவிட்டால் 15 அடியை 10 அடியாக்குங்கள். கான்கிரீட்டையும் சட்டத்தையும் கூலியையும் குறைக்காதீர்கள்.

வீட்டுக்குப் பணம் அனுப்பும் நண்பர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒரே ஒரு தாளில் பொருள் பட்டியல் எழுதுங்கள்: 40 கன அடி மரம், ஐந்து மூட்டை சிமென்ட், 650 திருகாணி, இத்தனை நாள் கூலி. அவசரத்துக்கு ஒதுக்குவதையும் பொருளாகவே எழுதுங்கள்: நாலு பலகை, ஒரு மூட்டை சிமென்ட், மூன்று நாள் கூலி. முதலில் அனுப்பும் பணத்தில் அன்றைக்கே மரத்தை வாங்கி நிழலில் அடுக்கச் சொல்லுங்கள். அட்வான்ஸ் என்று யார் கையிலும் பணமாகத் தூங்கவிடாதீர்கள். நவம்பரில் ஆரம்பித்து ஏப்ரலுக்குள் முடியுங்கள். பலகை அடிப்பதற்கு முன்னால் கால்களையும் சட்டங்களையும் டேப் வைத்து அளந்து படம் அனுப்பச் சொல்லுங்கள்.

கடைசியில் எத்தனை லட்சம் ஆனது என்று யாராவது கேட்டால், அந்த வாரத்து ரேட்டைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொள்ளலாம்.