பழைய ஜீப்பும் மலைப் பாதையும்

இரத்தினபுரி மாவட்டத்திலே, பெல்மதுளைக்கும் பலாங்கொடைக்கும் இடையே பெருந்தெருவின்மேல் அமைந்திருப்பது ஓப்பநாயக்க என்னும் சிற்றூர். ஒரு காலத்தில், களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதையின் கடைசி நிலையம் இதுவே. 2 அடி 6 அங்குல அகலமே கொண்ட அக்குறுகிய பாதை 1919ஆம் ஆண்டு இவ்வூரை எட்டிற்று. 1976ஆம் ஆண்டிலே அது கைவிடப்பட்டது. ரயில் போயிற்று, ஆனால் மலைமேலுள்ள தேயிலை, ரப்பர்த் தோட்டங்களும், அங்கே லயங்களில் வாழும் மக்களும் போய்விடவில்லை. பெருந்தெருவை விட்டு அவர்களிடம் செல்லும் பாதைகள் பலவும் கல்லும் களிமண்ணுமாகக் கிடக்கின்றன. மழைக்காலத்தில் அவற்றில் ஏற வல்லவை நான்கு சக்கரங்களும் இழுக்கின்ற வண்டிகளே.

அத்தகைய பழைய வண்டியொன்றைச் சீர்திருத்தும் வேலையைச் சென்ற ஆண்டு அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அதனால் நான் கற்றதை வாசகர்களுடன், முக்கியமாக மாணவ நண்பர்களுடன், பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

நம்மவர் இவ்வகை வண்டிகள் யாவற்றையும் ‘ஜீப்’ என்றே அழைப்பர். உண்மையான ஜீப், இரண்டாம் உலக மகா யுத்தத்தின்போது அமெரிக்க இராணுவத்துக்காக 1941ஆம் ஆண்டு முதல் பெருந்தொகையாகச் செய்யப்பட்டது. யுத்தம் முடிந்தபின், இங்கிலாந்தின் ரோவர் கம்பனியைச் சேர்ந்த மொரிஸ் வில்க்ஸ் என்பவர் அத்தகைய ஜீப் ஒன்றைத் தமது பண்ணையிலே உபயோகித்து வந்தார். அதைப் போன்ற வண்டியொன்றை நாமே செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அதன் பயனாக, 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் திகதி அம்ஸ்டர்டாம் நகரத்துக் கண்காட்சியிலே லாண்ட் ரோவர் அறிமுகமாயிற்று. அப்பொழுது உருக்குக்குத் தட்டுப்பாடு நிலவியதால், அதன் உடலை அலுமினியக் கலப்பு உலோகத்தால் செய்தனர். நமது தோட்டத் துரைமார் பலர் விரும்பி வாங்கிய வண்டி இது.

என் மைத்துனர் தோட்டத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் 1955ஆம் ஆண்டு லாண்ட் ரோவர் ஒன்று இருக்கின்றது. அவ்வண்டி அவருக்குச் சொந்தமானதாயினும், இரவு நேரத்தில் அது தோட்டம் முழுவதற்கும் சொந்தம். யாருக்கேனும் நெஞ்சுவலியோ, பிரசவ வேதனையோ ஏற்பட்டால், லயத்திலிருந்து ஆள் வந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டும்.

அவருடைய மகன் பல்கலைக்கழக மாணவன். விடுமுறையில் வந்தவன், வண்டியை ‘நவீனப்படுத்த’ ஒரு திட்டத்தைத் தயாரித்திருந்தான். பெரிய டயர்கள், உயர்த்திய வில்கள், நான்கு பிரகாசமான விளக்குகள், டீசல் யந்திரம் என்று பட்டியல் நீண்டது. நாங்கள் இருவரும் அதை எடுத்துக்கொண்டு, அவ்வூரிலே முதிர்ந்த மெக்கானிக் ஒருவரிடம் சென்றோம். ஊரார் அவரைப் ‘பாஸ்’ என்றே அழைப்பர். அவர் பட்டியலைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டார்.

“தம்பி, இந்த வண்டி சுமையோடு ஏறுகிறதா, சுமையோடு இறங்குகிறதா?”

மருமகன் விழித்தான். பாஸ் தொடர்ந்தார்: “நோயாளி இருப்பது மேலே. ஆஸ்பத்திரி இருப்பது கீழே. மேலே ஏற முடியாவிட்டால் வண்டி பாதையில் நிற்கும், அவ்வளவுதான். கீழே இறங்கும்போது நிறுத்த முடியாவிட்டால்?”

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பட்டியலை மீண்டும் பார்த்தோம். முதலில் டயரை எடுத்துக்கொள்வோம். அவ்வண்டியின் டயர் சுமார் 28 அங்குல விட்டமுடையது. அதற்குப் பதிலாக 31 அங்குல டயரைப் பூட்டினால் வண்டி 3 அங்குலம் உயரும் என்று மருமகன் எண்ணியிருந்தான். உயர்வது விட்டத்தில் பாதியே. அதாவது ஒன்றரை அங்குலம். அதற்கு நாம் கொடுக்கும் விலை யாது? சக்கரம் பெரிதாகும் அளவுக்கு, அது தரையைத் தள்ளும் விசை குறைகின்றது. 28ஐ 31ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு விசை நட்டமாகும். ஏறும்போது மட்டுமன்று, பிரேக் பிடிக்கும்போதும் இதே நட்டந்தான். பிரேக் பழையது, சக்கரம் பெரியது, பாதை செங்குத்து. இம்மூன்றும் ஒன்றுசேர்ந்தால் வருவது என்னவென்று சொல்ல வேண்டுமோ? ஆகவே பழைய அளவிலேயே, ஆழமான பற்களையுடைய ஒடுங்கிய டயர்களை வாங்குவதென்று தீர்மானித்தோம். ஒடுங்கிய டயர் மேலேயுள்ள சேற்றை அறுத்துக்கொண்டு அடியிலுள்ள கெட்டித் தரையைப் பற்றும்.

வில்களை மிகவும் உயர்த்துவதும் அத்தகையதே. வண்டியின் பாரமையம் மேலே செல்லச் செல்ல, பக்கச் சரிவிலே அது கவிழும் அபாயம் அதிகரிக்கும். அச்சுக்குச் சக்தியைக் கொண்டுசெல்லும் தண்டும் சாய்ந்து, அதன் மூட்டுகள் விரைவில் தேயும். எனவே தொய்ந்துபோன வில்களை மாற்றி, வண்டி பிறந்த காலத்து உயரத்தை மீட்டதோடு நிறுத்திக்கொண்டோம்.

டீசல் யந்திரம் பற்றிய யோசனை தவறானதன்று. அது மெதுவாகச் சுழலும்போதே நன்கு இழுக்கும். எரிபொருட் செலவும் குறையும். இமயமலைச் சாரலில், டார்ஜிலிங்குக்கு அருகேயுள்ள மானேபஞ்சாங் என்னும் ஊரிலிருந்து ஏறக்குறைய 12,000 அடி உயரமுள்ள சந்தக்பூ சிகரத்துக்குப் பழைய லாண்ட் ரோவர்கள் நெடுங்காலமாகப் பிரயாணிகளை ஏற்றிச் சென்றுள்ளன. அவற்றுட் பலவற்றில் வேறு வண்டிகளின் டீசல் யந்திரங்களைப் பொருத்தியிருந்தனர். ஆயினும் டீசல் யந்திரம் பாரமானது. முன்வில் அதைத் தாங்க வேண்டும். அதன் அதிக விசையைப் பழைய பற்சக்கரங்களும் அச்சுத் தண்டுகளும் பொறுக்க வேண்டும். மேலும், யந்திரத்தை மாற்றினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதை முறைப்படி பதிய வேண்டும். அந்த வேலையை மறு வருஷத்துக்கு ஒத்திவைத்தோம்.

பணம் எங்கே சென்றது தெரியுமா? முதலில் அடிச்சட்டத்துக்கு. அலுமினிய உடல் பளபளத்தாலும், அதைத் தாங்கும் சட்டம் உருக்கினாலானது. உள்ளே துருப்பிடிப்பது வெளியே தெரியாது. பாஸ் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். கணீரென்ற ஓசை இரண்டிடங்களில் மந்தமாயிற்று. அவ்விடங்களை வெட்டிப் புதுத் தகடு வைத்து ஒட்டினார். அடுத்து, பிரேக்கின் குழாய்கள், சிலிண்டர்கள், பட்டைகள் யாவும் புதிதாயின. பிறகு ஸ்டியரிங் மூட்டுகள். பின்னாசனத்திலே இடுப்புப் பட்டியும், பிடித்துக்கொள்ளக் கம்பியும் அமைந்தன. விளக்குகளில் நான்குக்கு இரண்டு கிடைத்ததில் மருமகனுக்குச் சிறிது ஆறுதல்.

யந்திரம் காற்றிழுக்கும் குழாயை உயர்த்தலாமா என்று அவன் கேட்டான். யந்திரத்துள் தண்ணீர் புகுந்தால், அமுக்க முடியாத அந்நீர் உள்ளிருக்கும் தண்டுகளை வளைத்துவிடும். ஆகையால் உயர்ந்த குழாய் நல்லதே. ஆனால் அது யந்திரத்தைக் காக்குமேயன்றி வண்டியைக் காக்காது. வேகமாக ஓடும் வெள்ளம் 2 அடி ஆழமிருந்தாலே பெரும்பாலான வண்டிகளைப் புரட்டிக்கொண்டு போய்விடும். 2003ஆம் ஆண்டு மே மாதத்திலும், 2017ஆம் ஆண்டு மே மாதத்திலும் வெள்ளமும் மண்சரிவும் இரத்தினபுரி மாவட்டத்தில் விளைவித்த நாசத்தைக் கண்டவர்கள் இதை மறவார்கள். ஆழமறியாமல் காலை விடாதே என்னும் பழமொழி சக்கரத்துக்கும் பொருந்தும்.

வேலை முடிந்தபின், பாஸ் மருமகனைச் சாரதி ஆசனத்தில் அமர்த்தி ஒரு பாடம் நடத்தினார். மஞ்சள் குமிழை அழுத்தினால் முன்சக்கரங்களும் இழுக்கும். சிவப்புக் குமிழுள்ள தண்டைப் பின்னே இழுத்தால், வேகம் குறைந்து விசை பெருகும். மலையுச்சியிலேயே வண்டியை நிறுத்தி, சிவப்புத் தண்டை இழுத்து, முதலாம் கியரில் போட்டுவிட்டு, கிளச்சைத் தொடாமல் இறங்க வேண்டும். அப்பொழுது யந்திரமே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக் துணைக்கு மாத்திரமே. பெருந்தெருவை அடைந்ததும் பழைய நிலைக்கு மாற்றிவிட வேண்டும். இல்லாவிடில் காய்ந்த தார்த் தெருவிலே முன்பின் அச்சுகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிப் பற்சக்கரங்கள் கெடும்.

இரண்டு வாரம் கழிந்தது. ஒருநாள் இரவு அடைமழை. மேல்கணக்கு லயத்துப் பெண்ணொருத்திக்குப் பிரசவ வேதனை. மைத்துனருக்குக் காய்ச்சல், ஆதலால் மருமகனே வண்டியை எடுத்தான், நான் கூடச் சென்றேன். அவளும், அவளுடைய தாயாரும் பின்னே அமர்ந்தனர். இறங்கும் பாதை ஓடையாகியிருந்தது. மருமகன் உச்சியில் நிறுத்தினான். சிவப்புத் தண்டு, முதலாம் கியர். மனிதன் நடக்கும் வேகத்திலே வண்டி இறங்கியது. வளைவொன்றில் பின்சக்கரம் சறுக்கியபோது அந்தத் தாயார், “மெதுவாப் போங்க தம்பி, நாங்க பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம்” என்றார். கீழே சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. பொழுது விடியுமுன் ஆஸ்பத்திரியிலே ஆண் குழந்தை பிறந்தது.

திரும்பி வரும் வழியில் மருமகன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “மாமா, அந்தப் பெரிய டயருக்கு முற்பணம் கொடுத்திருந்தேன், திருப்பிக் கேட்கப் போகிறேன்” என்றான்.

மாணவ நண்பர்களே, யந்திரத்தை மாற்றியமைக்க ஆசைப்படுவது நல்லதே. ஆனால் எந்த மாற்றத்தையும் தொடங்குமுன், அவ்வண்டி யாருக்காக, எந்தத் திசையில், எதைச் சுமந்து செல்லப் போகின்றது என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.