இளைப்பு இருந்தால் ஓடக்கூடாதா?

கோவை நகரில் 2013-ம் ஆண்டு முதல் மாரத்தான் ஓட்டம் நடந்து வருகிறது. புற்றுநோயாளிகளுக்கு உதவும் "கோயம்புத்தூர் கான்சர் பவுண்டேசன்" என்ற அமைப்புக்கு நிதி திரட்டுவதற்கான ஓட்டம் இது. ஆண்களும் பெண்களும் ஆயிரக்கணக்கில் ஓடுகிறார்கள். அண்மை ஆண்டுகளில் இது டிசம்பர் மாதத்தில் நடக்கிறது.

நல்ல காரியம். நாலு பேருக்கு உதவும் காரியம். ஆனால், ஓட ஆசைப்படும் பிள்ளைக்கு ஆஸ்துமா இருந்தால்?

"அம்மிணிக்கு இளைப்பு இருக்குதுங்க. அவளுக்கு எதுக்குங்க ஓட்டமெல்லாம்?"

கொங்கு நாட்டில் பல வீடுகளில் இந்தப் பதில்தான் வரும். பாசத்தால் வரும் பதில். ஆனால் சரியான பதில் அல்ல!

உலக சாதனை

இங்கிலாந்து நாட்டுப் பெண் பவுலா ராட்கிளிப். பள்ளிப் பருவத்திலேயே அவருக்கு ஆஸ்துமா. அவர் 2003-ம் ஆண்டு லண்டன் மாரத்தானில் 42 கிலோ மீட்டர் தூரத்தை 2 மணி 15 நிமிடம் 25 வினாடியில் ஓடி முடித்தார். பெண்களில் அது உலக சாதனை. 2019 வரை அதை யாராலும் முறியடிக்க முடியவில்லை!

தனக்கு ஆஸ்துமா என்பதை அவர் மறைக்கவில்லை.

நம் ஊரில் என்ன நடக்கிறது? மூச்சில் இழுக்கும் மருந்தான இன்ஹேலரைப் பலர் ஒளித்து வைக்கிறார்கள். பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். "நாளைக்கு மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்துவிட்டால்?" என்று ஒரு பயம். "பழகினால் விடாது" என்று இன்னொரு பயம்.

இரண்டும் வீண் பயம். மாத்திரையில் மருந்தை மில்லி கிராமில் அளக்கிறார்கள். இன்ஹேலரில் மைக்ரோ கிராமில் அளக்கிறார்கள். ஒரு மில்லி கிராமை ஆயிரம் பங்காக்கினால், அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோ கிராம்! மருந்து நேரே நுரையீரலுக்குப் போவதால் கொஞ்சமே போதும்.

டாக்டர் சொன்னபடி மருந்தை ஒழுங்காக எடுக்க வேண்டும். மூச்சு முட்டும்போது மட்டும் இழுத்துவிட்டு, மற்ற நாளில் மறந்துவிட்டால் நோய் அடங்காது. நோய் அடங்காமல் ஓடுவது ஆபத்து.

காற்றைப் பார்த்து ஓடுங்கள்

சும்மா இருக்கும்போது நாம் ஒரு நிமிடத்தில் 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கிறோம். வேகமாக ஓடும்போது அது 10 மடங்குக்கும் மேலே போகும். அதுவும் வாய் வழியாக! மூக்கு வடிகட்டிக் கொடுக்க வழி இல்லை. தூசும் புகையும் நேரே உள்ளே போகும்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும். புகையை அடித்துக்கொண்டு போய்விடும். ஆனால் டிசம்பர் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுப்பது ஐப்பசி, கார்த்திகையில். அப்போது அந்தக் காற்று இல்லை. தீபாவளிப் புகையும் சேர்ந்துகொள்ளும். பனி மூடிய விடியற்காலையில் புகை மேலே எழாமல் தரையோடு தங்கும்.

ஆகவே, அவிநாசி ரோட்டில் பஸ்சுக்கும் லாரிக்கும் பின்னால் ஓடாதீர்கள். ரேஸ் கோர்ஸ் நடைபாதை இருக்கிறது. ஒரு சுற்று சுமார் 2½ கிலோ மீட்டர். வண்டி குறைந்த நேரமாகப் பார்த்து அங்கே ஓடுங்கள்.

காற்று எப்படி இருக்கிறது என்பதை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எண் போட்டுச் சொல்கிறது. செல்போனிலேயே பார்க்கலாம். 50 வரை நல்ல காற்று. 100-ஐத் தாண்டினால் ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுத் தொல்லை வரலாம் என்று வாரியமே சொல்கிறது. அன்று வெளியே ஓட வேண்டாம். ஒரு நாள் ஓடாவிட்டால் கால் ஓட்டத்தை மறந்துவிடாது!

ஓடும் முன் 10 நிமிடமாவது நடந்து உடம்பைச் சூடாக்குங்கள். பையில் இன்ஹேலர் இருக்கட்டும். கூட ஓடுபவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். நெஞ்சு இறுகினால், மூச்சில் விசில் சத்தம் கேட்டால், உடனே நின்று மருந்தை இழுங்கள். குறையாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஊருக்கும் கடமை உண்டு

கோவையில் இந்த ஓட்டம் தொடங்கிய அதே 2013-ல், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. கெட்டுப்போன காற்றும் புற்றுநோயை உண்டாக்கும் என்பதே அது.

புற்றுநோயாளிகளுக்காக ஒரு நாள் ஓடுகிறோம். மற்ற நாளெல்லாம் தெருவில் குப்பையையும் டயரையும் கொளுத்தினால், அந்தத் தருமத்துக்கு என்ன பொருள்?

பெற்றோர்களே! ஓட விரும்பும் பிள்ளையை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அவர் சரி என்றால் தடுக்காதீர்கள்.

மருந்தை ஒளிக்காதீர்கள். காற்றைக் கெடுக்காதீர்கள். பிள்ளை ஓடட்டும்!