சாவடி உண்டு... நடக்க வழி உண்டா?

"அந்தக் காலத்துல நாங்கள்லாம் மூணு மைல் நடந்தேதான் பள்ளிக்கூடம் போனோம்!"

பேரப்பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பும் தாத்தாக்கள் சலிக்காமல் சொல்லும் வசனம் இது. பேரன்கள் சிரித்துக்கொள்வார்கள். தாத்தா சொல்வது பொய்யில்லை. ஆனால் அவர் நடந்த பாதையில் கன்டெய்னர் லாரி ஓடவில்லை. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு சரியாக வரும்.

பள்ளிப் பிள்ளைகள் நடந்தோ சைக்கிளிலோ பள்ளிக்குப் போக வேண்டும் என்று இப்போது எல்லோரும் அறிவுரை சொல்கிறார்கள். உடம்புக்கு நல்லது, பெட்ரோல் மிச்சம், புகை குறையும்... எல்லாம் உண்மைதான். ஆனால் எந்த வழியாகப் போவது என்ற கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்வதில்லை.

சென்னையின் மேற்கு எல்லையில், மதுரவாயலுக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே இருக்கும் வேலப்பன்சாவடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரை ஒட்டியே பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை. திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் திரும்பும் இடமும் இதுதான். கல்லூரிகள், மருத்துவமனைகள், லாரிகள், ஷேர் ஆட்டோக்கள் என்று காலை எட்டு மணிக்கு அந்தச் சாலை எப்படி இருக்கும் என்பது அங்கே படிக்கிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஊர்ப் பெயரையும் கொஞ்சம் கவனியுங்கள். சாவடி என்றால் வழிப்போக்கர்கள் தங்கி இளைப்பாறும் இடம். பக்கத்தில் இருக்கும் குமணன்சாவடியும் அப்படித்தான். நடந்து போகிறவர்களுக்காக இருந்த சொல் அது. இன்று சாவடி என்றவுடன் நினைவுக்கு வருவது சுங்கச்சாவடி! மதுரவாயல் - வாலாஜாபேட்டை இடையே சாலை மோசமாக இருக்கிறது என்று 2020 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் சுங்கக் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்து உத்தரவிட்டது. வண்டி வைத்திருந்தவர்களுக்கு அந்த நிவாரணமாவது கிடைத்தது. அதே சாலையைப் புத்தகப் பையோடு கடக்கும் குழந்தைக்கு எதைப் பாதியாகக் குறைப்பது?

சைக்கிள் கொடுத்த மாநிலம்

தமிழ்நாட்டுக்கு சைக்கிள் புதிதல்ல. 1991-92ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சேர்த்து சைக்கிள் ஓட்டவும் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். தண்ணீர் எடுக்க, பிள்ளையைப் பள்ளியில் விட, விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோக என எதற்கும் யாரையும் எதிர்பார்க்காமல் கிளம்பும் சுதந்திரத்தை சைக்கிள் அவர்களுக்குக் கொடுத்தது.

பிறகு 2001-02ல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் தரும் திட்டத்தை மாநில அரசு தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர் எல்லோருக்கும் அது விரிவானது. பீகாரில் 2006ல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் தந்தார்கள். அதை ஆராய்ந்த பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவிகளின் எண்ணிக்கை சுமார் 30 சதவீதம் கூடியதாகக் கண்டார்கள். இரண்டு சக்கரம் படிப்பையே காப்பாற்றும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் நெடுஞ்சாலை ஓரத்து ஊர்களில் அந்த சைக்கிளை வெளியே எடுக்கவே பெற்றோர் பயப்படுகிறார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. 2022ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் மட்டும் 32,825 பேர். நாளொன்றுக்குச் சுமார் 90 பேர்! இந்த எண்ணைப் பார்த்த எந்தத் தாய்தான் பிள்ளையைத் தனியாக அனுப்புவாள்?

வேன் இருக்கிறதே?

வேனில் ஏற்றிவிட்டால் கவலை தீர்ந்தது என்று நினைப்பதும் முழு உண்மையல்ல. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். தமிழகமே கலங்கியது. உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டே பள்ளி வாகனங்களுக்கெனத் தனி விதிகள் வந்தன.

அடுத்தது அப்பாவின் பைக். ஒரு வண்டியில் மூன்று பிள்ளைகள், ஹெல்மெட் அப்பாவுக்கு மட்டும்! பள்ளி வாசலில் அரை மணி நேரம் நடக்கும் கூத்தை யாரும் பார்க்கலாம். பைக், கார், வேன், ஆட்டோ எல்லாம் ஒரே இடத்தில் திரும்பும். நடுவில் நடந்து வரும் பிள்ளைகள் சந்து பார்த்து நுழைவார்கள். தன் பிள்ளையைப் பத்திரமாக இறக்கிவிட வந்தவரின் வண்டிதான் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஆபத்தாகிறது. ஆபத்தைப் பார்த்து இன்னொருவரும் வண்டி எடுக்கிறார். கூட்டம் இன்னும் கூடுகிறது. இது முடிவில்லாத வட்டம்.

"சாலை சரியான பிறகு நடக்கவிடலாம்" என்று சிலர் சொல்வார்கள். நியாயமாகத்தான் தெரியும். ஆனால் வேனுக்கு மாதக் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள் இன்றைக்கும் நடந்துதான் போகிறார்கள். வசதி உள்ளவர்கள் காத்திருக்கலாம். அந்தப் பிள்ளைகள் நாளைக் காலை எட்டரை மணிக்கு மறுபடியும் சாலையைக் கடந்தாக வேண்டும். சட்டமும் அவர்கள் பக்கம்தான் இருக்கிறது. 2009ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்துக்கான மத்திய அரசின் மாதிரி விதிகள், தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டர் நடை தூரத்திலும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்கின்றன. குழந்தை நடந்து வரும் என்று நம்பித்தானே இப்படி எழுதினார்கள்?

வேகம்தான் வில்லன்

பள்ளியில் இயற்பியல் படித்தவர்களுக்குத் தெரியும். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி இடித்தால் பெரும்பாலும் உயிர் தப்பும். 60 கிலோமீட்டரில் அந்த நம்பிக்கை வைக்க முடியாது. அதனால்தான் 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாடு, மக்களும் வண்டிகளும் கலந்து போகும் இடங்களில் 30 கிலோமீட்டரே உச்ச வேகமாக இருக்கட்டும் என்றது.

நெதர்லாந்து என்றால் சைக்கிள் நாடு என்று இன்று எல்லோருக்கும் தெரியும். அது தானாக வந்த பெருமையல்ல. 1971ல் அந்தச் சின்ன நாட்டில் சாலை விபத்துகளில் 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்பதுதான் அவர்கள் இயக்கத்தின் பெயர். அந்தப் போராட்டங்களின் அழுத்தத்தால் சாலைகள் மாறின. ஜப்பானில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பலர் தெருவாரியாகக் குழு சேர்ந்து நடந்தே பள்ளிக்குப் போகிறார்கள். முன்னால் ஒரு பெரிய பிள்ளை, பின்னால் ஒரு பெரிய பிள்ளை, நடுவில் சிறியவர்கள். செலவில்லாத ஏற்பாடு!

சென்னை மாநகராட்சியும் 2014ல் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. போக்குவரத்து நிதியில் 60 சதவீதம் அவர்களுக்கே என்றது. ஆனால் அது மாநகராட்சி எல்லைக்குள் மட்டும். எல்லைக்கு வெளியே இருக்கும் வேலப்பன்சாவடியில் நெடுஞ்சாலை ஒரு துறையிடம், உள் தெருக்கள் உள்ளாட்சியிடம், போக்குவரத்துக் காவல் ஆவடி காவல் ஆணையரகத்திடம். குழந்தை கடக்கும் சாலை ஒன்றுதான். பதில் சொல்ல வேண்டியவர்கள் மூன்று பேர்.

என்ன செய்யலாம்?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சிறு பிள்ளைகளை நெடுஞ்சாலையில் சைக்கிள் ஓட்டச் சொல்வது புத்திசாலித்தனமல்ல. வரும் வண்டியின் வேகத்தைச் சரியாகக் கணிக்கும் திறமை சின்ன வயதில் முழுதாக வந்திருக்காது. ஆகவே உள் தெருக்களிலிருந்து தொடங்கலாம்.

பெற்றோர்கள் பள்ளி வாசலுக்கு 300 மீட்டர் முன்பே வண்டியை நிறுத்தி, மீதியைப் பிள்ளையோடு நடக்கலாம். ஒரே தெருப் பிள்ளைகள் பத்துப் பேர் சேர்ந்து நடந்தால், இரண்டு பெரியவர்கள் முறை வைத்துக் கூடப் போனால் போதும். பள்ளிகள் காலையில் அரை மணி நேரம் வாசலில் வண்டிகளை அனுமதிக்காமல் இருக்கலாம். நெடுஞ்சாலையைக் கடக்கும் இடத்தில் அந்த நேரத்துக்கு மட்டுமாவது ஒரு காவலரைக் கேட்டுப் பெறலாம்.

சைக்கிள் எடுக்கும் வயது வந்தவர்கள் சில விஷயங்களைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். பிரேக்கும் பெல்லும் தினமும் பார்க்க வேண்டும். பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்க வேண்டும். பையை ஹேண்டில்பாரில் மாட்டக்கூடாது. துப்பட்டா சக்கரத்தில் சிக்காமல் முடிந்துகொள்ள வேண்டும். இடப்பக்கம் திரும்பும் லாரிக்கும் ஓரத்துக்கும் நடுவே நுழையவே கூடாது, ஓட்டுநருக்கு அங்கே இருப்பது தெரியாது. சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வண்டி வரும் என்பதால் இரண்டு பக்கமும் பார்த்துத்தான் கடக்க வேண்டும்.

எதிர்த்திசையில் யார் வருகிறார்கள்? பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள்தானே! முதல் வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று யூ டர்ன் வரை போகச் சோம்பல்பட்டுத் தவறான பக்கத்தில் பறக்கும் பைக்குகள்... எதிரே சைக்கிளில் வரும் சிறுமிக்கு ஒதுங்க இடமே இல்லை. 1969ல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். அதில் காலையில் இருபது நிமிடம் பிள்ளைகளைச் சாலை கடக்கவைத்தால் அதைவிடப் பெரிய சேவை எது? சேவைகூட வேண்டாம். ஐந்து நிமிடம் முன்னதாகக் கிளம்பி, சரியான பக்கத்தில், மெதுவாகப் போனாலே பாதி வேலை முடிந்தது.

பிள்ளைகள் நடக்கத் தயார். சைக்கிளும் வீட்டில் நிற்கிறது. வழிவிட வேண்டியவர்கள் பெரியவர்கள்தான். நடந்து வருகிறவர்களை வரவேற்பதற்காகத்தான் ஒரு காலத்தில் சாவடி கட்டினார்கள். அந்தப் பெயரைச் சுமக்கும் ஊரில் ஒரு குழந்தை பயமில்லாமல் பள்ளிக்கு நடந்து போக முடிந்தால், அந்தப் பெயருக்கும் ஓர் அர்த்தம் இருக்கும்.

சிந்தியுங்கள்... நாளைக் காலையிலிருந்தே தொடங்கலாம்!