ஆயாவுக்கு என்ன ஆட்டம்?

பொங்கலோ, பிறந்த நாளோ, அறுபதாம் கல்யாணமோ, எது வந்தாலும் இப்போது யாராவது ஒருவர் போன் போட்டுக் கேட்கிறார். “சார், இருபது இருபத்தஞ்சு பேர் கூடறோம். எல்லாரும் சேர்ந்து ஆடற மாதிரி நல்ல கேம் ஒண்ணு சொல்லுங்களேன்.” பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்கிற மூடநம்பிக்கை நாட்டில் இன்னும் மிச்சமிருக்கிறது. இருக்கட்டும்.

கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். கடைக்குப் போனால் பளபளவென்று அட்டைப்பெட்டிகள். ஆயிரம் ரூபாய், இரண்டாயிரம் ரூபாய். பெட்டியின் மேல் இரண்டு விவரம் தவறாமல் இருக்கும்: எத்தனை பேர் ஆடலாம், எத்தனை வயதுக்கு மேல் ஆடலாம். மூன்றாவதாக ஒன்றையும், சிகரெட் பெட்டியில் போடுகிற எச்சரிக்கை மாதிரி பெரிதாக அச்சடிக்க வேண்டும் என்பது என் கட்சி. ‘இந்த ஆட்டத்தை வாங்கினால் உங்கள் வீட்டில் யார் யார் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்?’

இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறவர்கள், வீட்டுக்கு ஆளைக் கூப்பிட்டு அவமானப்படுத்துகிறார்கள் என்றுதான் சொல்வேன். காட்டமாக இருக்கிறதா? நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

சிதம்பரத்திலிருந்து புவனகிரி போகிற வழியில் கீரப்பாளையம். ஒன்றிய அலுவலகம் இருக்கிற ஊர்தான். ஆனால் கடைத்தெருவைத் தாண்டினால் நெல் வயல். அங்கே எங்கள் பெரியப்பா வீட்டில் ஒரு மாட்டுப் பொங்கலுக்கு இருபத்து மூன்று பேர் சேர்ந்திருந்தோம். பெங்களூரிலிருந்து வந்த அண்ணன் மகன் ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தான். அட்டையில் ஓர் இங்கிலீஷ் வார்த்தை இருக்கும். அதைச் சொல்லாமல் அதை விளக்க வேண்டும். அதற்குக் கீழே எழுதியிருக்கிற ஐந்து வார்த்தைகளையும் சொல்லக் கூடாது. மணல் கடிகாரம் தீர்வதற்குள் உங்கள் அணிக்காரர் கண்டுபிடிக்க வேண்டும். புத்திசாலித்தனமான ஆட்டம், ஒத்துக்கொள்கிறேன். விதிகளை விளக்கி முடிக்க அரை மணி நேரம் ஆனது. அதற்குள் பெரியப்பா குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். சித்தியும் அண்ணியும் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டார்கள். சின்னப் பிள்ளைகள் வைக்கோல் போரில்.

எண்பது தாண்டிய ஆயா மட்டும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஆர்வமாக உட்கார்ந்திருந்தார்.

“ஏம்ப்பா, இதுல நான் என்னா பண்ணணும்?”

“நீ ஒண்ணும் பண்ண வேணாம் ஆயா. நாங்க ஜெயிச்சா கை தட்டு, போதும்.”

“கை தட்டறதுக்கா என்னைக் கொண்டாந்து உக்கார வெச்சீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். ஆயா சிரிக்கவில்லை.

பையன் தங்கமான பையன். ஊருக்கு வரும்போதெல்லாம் ஆயாவுக்குக் கண் சொட்டு மருந்து வாங்கி வருகிறவன். அவனுக்குத் தோன்றாததற்குக் காரணம், பெட்டியை விற்கிறவன் அந்தக் கேள்வியை அவனிடம் கேட்கவே இல்லை. அன்றைக்கு ஆடியவர்கள் ஏழு பேர். மிச்சம் பதினாறு பேர் ஆடியன்ஸ். வருஷத்துக்கு ஒரு தடவை கூடுகிற குடும்பத்தில் முக்கால்வாசிப் பேரை வேடிக்கை பார்க்க வைப்பதற்கு ஓர் ஆட்டம் எதற்கு? டிவியே போதுமே.

பெட்டி ஆட்டத்தைத் திட்டியாயிற்று. அடுத்தது, பெட்டியே தேவைப்படாத மியூசிக்கல் சேர். நாட்டில் எந்தப் பிறந்த நாள் விழாவும் இதில்லாமல் நடப்பதில்லை. நான் பி.காம். படித்தவன், கணக்குப் போடாமல் விட மாட்டேன். இருபது பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். பத்தொன்பது சுற்று. ஒரு சுற்றுக்கு ஒரு நிமிஷம் என்றால், எல்லாருடைய நேரத்தையும் கூட்டினால் 380 நிமிஷம். அதில் பிள்ளைகள் ஓடி ஆடியது 209. சுவரோரம் உட்கார்ந்திருந்தது 171. சுமார் நாற்பத்தைந்து சதவிகிதம் டெட் ஸ்டாக்! அதிலும் முதலில் வெளியேறுவது யார்? ஓட முடியாத குண்டுப் பையன், கூச்சப்படுகிற பெண், எல்லாரிலும் சின்னது. யாருக்கு ஆட்டம் அதிகம் தேவையோ, அவர்களைத்தான் முதல் நிமிஷத்தில் வெளியே அனுப்புகிறோம். இதற்கு கேக் வேறு.

பெரியவர்கள் விழாக்களில் இப்போது மைக் பிடித்து ஆட்டம் நடத்த ஆள் வைக்கிறார்கள். ‘ஜோடி கேம்’ என்கிறார்கள். புது மருமகளைக் கூப்பிட்டுப் புருஷனின் கண்ணைக் கட்டிப் பொட்டு வைக்கச் சொல்வது, ரிட்டயரான மாமாவை சினிமாப் பாட்டுக்கு இடுப்பை ஆட்டச் சொல்வது. மறுத்தால் ‘ஸ்போர்ட்டிவ் இல்லை’ என்று மைக்கிலேயே சொல்வார்கள். ஒருவரை நடுவில் நிறுத்தி மற்றவர்கள் சிரிப்பதற்குப் பள்ளிக்கூடத்தில் என்ன பெயரோ, கல்யாண மண்டபத்திலும் அதே பெயர்தான்.

‘பிசினஸ்’ ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மும்பை, டெல்லி என்று ஊர் ஊராக வாங்கி வாடகை வசூலிப்போமே, அதுதான். இதன் மூலம் அமெரிக்காவின் மொனாப்பலி. அதற்கும் மூலம், லிஸ்ஸி மேகி என்கிற பெண்மணி 1904-ல் காப்புரிமை வாங்கிய ‘நிலக்கிழார் ஆட்டம்’. நிலம் ஒருவன் கையில் குவிந்தால் மற்றவன் எப்படி ஓட்டாண்டி ஆகிறான் என்று ஜனங்களுக்குப் புரிய வைக்கத்தான் அந்த அம்மாள் அதை உருவாக்கினார். 1935-ல் பார்க்கர் சகோதரர்கள் கம்பெனி அவரிடமிருந்து உரிமையை 500 டாலருக்கு வாங்கியது. பாடம் போய்விட்டது, ஓட்டாண்டி ஆக்குவது மட்டும் மிச்சம். மூன்று மணி நேரம் ஓடும், ஒவ்வொருவராகத் திவாலாகி எழுந்து போவார்கள், கடைசியில் ஒருவர் எல்லா நோட்டையும் அடுக்கி வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார். விருந்துக்கு வந்தவர்கள் எங்கே என்று அப்புறம்தான் தேடுவார்.

இவ்வளவு படித்தபிறகு, ‘ஓகோ, நம் பாரம்பரிய விளையாட்டுக்கு வக்காலத்து வாங்கப் போகிறார்’ என்று நீங்கள் நினைத்தால், அதுவும் இல்லை. பல்லாங்குழி பதினாலு குழி, ஆட இரண்டே பேர். ஆடுபுலியில் மூன்று புலி, பதினைந்து ஆடு, ஆட அதிலும் இரண்டே பேர். இருபத்து மூன்று பேர் கூடிய வீட்டில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கண்காட்சியில் பித்தளைப் பல்லாங்குழி வாங்கி ஷோகேஸில் வைப்பவர்களை எனக்குத் தெரியும். உள்ளே போட ஒரு சோழி கூட இருக்காது. தாயத்தில் தாயம் விழுந்தால்தான் காய் உள்ளே நுழையும். அது விழாமலே முக்கால் மணி நேரம் உருட்டிக்கொண்டிருந்த பாவப்பட்ட ஜன்மங்கள் உண்டு. கேரம் அருமையான ஆட்டம். மரிய இருதயம் இரண்டு தடவை உலக சாம்பியன் ஆனது அதில்தான். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, சென்னையில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். ஆனால் பலகைக்கு நான்கு பேர்தான். ஐந்தாவது ஆளுக்குப் பவுடர் போடுகிற வேலை.

பாரம்பரியத்தில் கூட்டத்துக்கு ஏற்றது என்று எனக்குத் தோன்றுவது பரமபதம். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்க வீட்டோடு உட்கார்ந்து ஆடினார்களே, அது. அதில் திறமை துளியும் இல்லை என்று குறை சொல்கிறார்கள். அதுதான் அதன் பெருமை! ஐந்து வயதும் எண்பது வயதும் சமம். ஐஐடி படித்தவனைப் பாம்பு தனியாக மரியாதை செய்து விடாது. ‘பிள்ளைகளுக்கு மூளை வளரும் கேமா சொல்லுங்க’ என்று கேட்கிற பெற்றோர்களே, அதற்கு வருஷத்தில் மீதி 364 நாள் இருக்கிறது. சொந்தக்காரர்கள் கூடுகிற அந்த ஒரு நாளாவது படிக்காத பாட்டி படித்த பேரனை ஜெயிக்க வழி விடுங்கள்.

இதே காரணத்துக்காக, வெளிநாட்டுச் சரக்கு என்றாலும் ஊனோ சீட்டுக்கட்டுக்கு என் ஓட்டு உண்டு. 1971-ல் அமெரிக்காவில் ஒரு முடிதிருத்துபவர், மகனோடு சீட்டாட்ட விதியில் வந்த தகராறைத் தீர்க்க உண்டாக்கியது. நிறமும் எண்ணும் தெரிந்தால் போதும், இங்கிலீஷ் வேண்டாம். பெரிய கூட்டமென்றால் இரண்டு கட்டு.

சீட்டு என்றதும் திண்ணையில் சில மாமாக்கள் நிமிர்ந்து உட்கார்வது தெரிகிறது. அவர்களுக்கும் வருகிறேன்.

கல்யாண வீடானாலும் கருமாதி வீடானாலும், சாப்பாடு முடிந்ததும் ஜமுக்காளம் விரித்து ரம்மி. “சும்மா ஒரு ரூபா பாயின்ட்தான் மாப்ளே, ஒரு இன்ட்ரஸ்ட்டுக்கு.” ஒரு ஃபுல் என்பது எண்பது பாயின்ட். பத்து ஆட்டம் கை சரியில்லை என்றால் எண்ணூறு ரூபாய். பன்னாட்டு கம்பெனி மாப்பிள்ளைக்கு அது ஒரு பீட்சா. அதே ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்கிற, ஷேர் ஆட்டோ ஓட்டுகிற மச்சானுக்கு அது வீட்டில் பதில் சொல்ல வேண்டிய தொகை. எழுந்து போனால் கௌரவக் குறைச்சல், உட்கார்ந்தால் பர்ஸ் காலி. சொந்தக்காரனை இந்த இக்கட்டில் மாட்டிவிடுவதற்குப் பெயர் இன்ட்ரஸ்ட்டா?

ரம்மி திறமையான ஆட்டம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே என்பார்கள். சொன்னது உண்மை. 1967-ல், ஆந்திர வழக்கு ஒன்றில். அதே தீர்ப்பில், பந்தய ஆட்டத்தை நடத்துகிறவர் அதில் லாபம் பார்த்தால் குற்றமாகலாம் என்றும் இருக்கிறது. அதை யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள். செல்போனில் ரம்மி வந்தபிறகு நடந்த தற்கொலைகளை நாம் பேப்பரில் படித்தோம். தமிழக அரசு 2022-ல் நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டு, சட்டம் கொண்டுவந்தது. ஆளுநர் திருப்பி அனுப்பி, சட்டசபை மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அந்த நவம்பரிலேயே சென்னை உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் அதில் வராது என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்து சட்டம் நிறைவேற்றியது. வள்ளுவர் சூதுக்குத் தனி அதிகாரமே ஒதுக்கினார். ஆனால் உங்கள் வீட்டு ஜமுக்காளத்துக்கு நீதிமன்றமும் வராது, வள்ளுவரும் வர மாட்டார். வீட்டுக்காரர்தான் எழுந்து ‘இங்கே காசு வேண்டாம்’ என்று சொல்ல வேண்டும். காசில்லாத ரம்மிக்கு எத்தனை மாமா உட்காருகிறார் என்று பார்த்தால், இன்ட்ரஸ்ட் எதில் என்பது தெரிந்துவிடும்.

சரி, எதைத்தான் ஆடுவது?

பாட்டுக்குப் பாட்டு. இலங்கை வானொலியிலும் பிறகு சன் டிவியிலும் பி.எச்.அப்துல் ஹமீது நடத்தி வீட்டுக்கு வீடு கொண்டுபோன ஆட்டம். செலவு சைபர். எத்தனை பேரும் ஆடலாம், யாரும் அவுட் ஆவதில்லை. தமிழில் ழ, ள, ண, ற-வில் சொல் தொடங்காது. எனவே ‘ள’ வந்தால் ‘ல’, ‘ண’ வந்தால் ‘ந’ என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பாதி சண்டை குறையும். முக்கியமாக, இதில் வயது கூடக் கூடச் சரக்கு கூடும். எம்.கே.டி. காலத்துப் பாட்டையெல்லாம் வைத்திருக்கிற ஆயாவுக்கு எதிரே உங்கள் பெங்களூர் அணி பத்து நிமிஷம் தாங்காது.

அடுத்தது தம்போலா. அட்டை கடையில் வாங்க வேண்டாம். இருபத்தேழு கட்டம், வரிசைக்கு ஐந்தாகப் பதினைந்து எண், பிள்ளைகளே கிழித்து எழுதிவிடுவார்கள். எண்ணைத் தமிழில், சத்தமாக, இரண்டு தடவை கூப்பிட வேண்டும். டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. பரிசு, ஒரு கரும்பு.

இதில் ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சமரசம் இல்லை. பாட்டுக்குப் பாட்டை அடுக்களையிலிருந்தபடியே பாடலாம் என்பது சௌகரியம்தான். அதற்காக அண்ணியும் சித்தியும் அங்கேயே இருந்து பாடட்டும் என்று விட்டுவிட்டால் அது அயோக்கியத்தனம். பாத்திரம் தேய்த்து முடிக்காமல் ஆட்டத்தை ஆரம்பிக்கக் கூடாது. அல்லது, தோற்ற அணி தேய்க்க வேண்டும் என்று பந்தயம் வையுங்கள். பந்தயம் இல்லாமல் இன்ட்ரஸ்ட் வராது என்கிற மாமாக்களிடம் இதை ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். நான் சொன்னேன். “அதுக்குப் பணமே வெச்சுக்கலாம்ப்பா” என்றார் ஒருவர்.

‘எங்க வீட்டுப் பசங்க போனை விட்டுட்டு வர மாட்டாங்க சார்’ என்று ஒரு கடிதம் வரும், எனக்குத் தெரியும். விட வேண்டாம். நடுவர் வேலையை அவர்களுக்குக் கொடுங்கள். ஆயா பாடுகிற பாட்டு சினிமாவில் வந்ததா, நடவு நடும்போது வயலில் பாடியதா என்று போனில் தேடிப் பார்த்துச் சொல்லட்டும். வயல் பாட்டு செல்லாது என்று தீர்ப்பு சொல்கிற பையனுக்குக் கீரப்பாளையத்தில் அன்றைக்குக் கரும்பு கிடையாது.