ஃபீல்டு 17

எங்க தொம்மலூர் ஆபீஸ்ல இப்ப எல்லாரும் மைக்ரோசாஃப்டைத் திட்டறாங்க. 2003-ல வந்த இன்ஃபோபாத்துக்கு இனி புது வெர்ஷன் கிடையாதுன்னு 2014-லயே சொல்லிட்டாங்க. அதனால சப்ளையர் படிவமெல்லாம் போச்சாம்.

போகலைங்க! நிரப்பின படிவம் வெறும் எக்ஸ்எம்எல், நோட்பேட்லயே திறக்கும். திறந்தேன். ஃபீல்டு17-ல 45ன்னு இருக்கு. நாளா, ரூபாயா, சதவீதமா? கட்டத்தோட தலைப்பு டெம்ப்ளேட் ஃபைல்ல இருந்தது. அதை யாரும் பத்திரப்படுத்தலை. சாஃப்ட்வேர் தானா வைக்கிற 'ஃபீல்டு17'ங்கிற பேரை மாத்த நமக்கு சோம்பேறித்தனம். பழி மட்டும் பில் கேட்ஸுக்கு!

இதே தொம்மலூர் சொக்கநாதசாமி கோயில்ல 13-ம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கு. யார் கொடுத்தா, எதைக் கொடுத்தான்னு இன்னிக்கும் படிக்கலாம். வெட்டினவருக்கு (உளி வலிச்சிருக்கும்) அந்தப் பொறுப்பு இருந்திருக்கு.

இப்ப கூகுள் ஃபார்ம்ஸுக்கு மாறறாங்களாம். நேத்து லிங்க் வந்தது. மூணாவது கேள்வி: 'அன்டைட்டில்ட் கொஸ்டின்'.