வீட்டைக் காலி செய்யும்போது அட்வான்ஸில் ‘கிளீனிங் சார்ஜ்’ பிடிக்கலாமா? சட்டம் சொல்வது என்ன?

சாமான்களை எல்லாம் வண்டியில ஏத்தியாச்சு. சாவியைக் கொடுத்துட்டு அட்வான்ஸை வாங்கலாம்னு போனா, ஹவுஸ் ஓனர் ஒரு துண்டுச் சீட்டை நீட்டுகிறார். ‘பெயின்ட்டிங்குக்கு ஒரு மாத வாடகை, கிளீனிங்குக்கு 5,000’. சென்னையில் வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ‘எல்லாரும் பிடிக்கறதுதானே’ என்ற ஒற்றை வரியில் பேச்சு முடிந்துவிடும்.

ஆனால், எல்லாரும் பிடிப்பதால் அது சட்டமாகிவிடாது.

சட்டத்தில் என்ன இருக்கு?

தமிழ்நாட்டு நகர்ப்பகுதிகளில் வாடகை விவகாரங்களுக்கென 2017-ல் இயற்றப்பட்ட தனிச் சட்டம், 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது அது. (10 மாத அட்வான்ஸ் கொடுத்தவர்கள் இங்கே பெருமூச்சு விடலாம்!) காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

‘பாக்கி’ என்பதில்தான் சிக்கலே. சுத்தம் செய்யும் செலவு அதில் வருமா?

வீட்டை எந்த நிலையில் வாங்கினோமோ அதே நிலையில் ஒப்படைக்க வேண்டும். ஆனால், இயல்பான தேய்மானத்துக்கு விலக்கு உண்டு. 5 வருஷம் குடியிருந்த வீட்டில் சுவர் மங்காமல் இருந்தால்தான் அதிசயம். சட்டத்தின் இரண்டாவது அட்டவணையும் சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு, ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதை உரிமையாளரின் வேலை என்றே சொல்கிறது. சாக்கடை அடைப்பு எடுப்பது, குழாய், சுவிட்ச், உடைந்த ஜன்னல் கண்ணாடி போன்றவை வாடகைதாரர் கணக்கு.

ஓனர் பக்கமும் நியாயம் இருக்கு

சமையலறைச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு விரல் கனத்துக்கு, பரணில் மூட்டை மூட்டையாகக் குப்பை, பாத்ரூமில் ஆசிட் ஊற்றினாலும் போகாத கறை... இதையெல்லாம் தேய்மானம் என்று சொல்ல முடியாது. ஆள் வைத்துச் சுத்தம் செய்த செலவை அவர் கேட்பதில் தப்பில்லை. ஆனால், அது உண்மையாக ஆன செலவாக இருக்க வேண்டும். வீடு எப்படி இருந்தாலும் ஒரு மாத வாடகை ‘ஃபிளாட்’டாகப் போகும் என்பது வேறு கதை.

கையெழுத்துக்கு முன்...

‘காலி செய்யும்போது பெயின்ட்டிங்குக்கு ஒரு மாத வாடகை’ என்ற வரி பல ஒப்பந்தங்களில் பொடி எழுத்தில் இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு வாதாடுவது கஷ்டம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே அதை எடுக்கச் சொல்லிப் பேசுங்கள்.

குடிபோகும் நாளிலும் காலி செய்யும் நாளிலும் ஒவ்வொரு அறையையும் செல்போனில் வீடியோ எடுத்து, ஓனருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பணம் பிடித்தால் பில் கேளுங்கள். அப்படியும் தீரவில்லை என்றால், சட்டப்படி அமைக்கப்பட்டுள்ள வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். அங்கே முதலில் கேட்பது பதிவு செய்த ஒப்பந்தத்தைத்தான்!